ஐடி வேலைய விட்டுட்டு முழுநேரமா மியூசிக்ல எறங்கலாமா? அதுக்கு முன்னாடி இந்த அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடலாமா?

பெருங்குடி_கீஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப நானே கேக்க வேண்டியதாயிடுச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வயசு 27. பெருங்குடில ஒரு கம்பெனில டெஸ்டிங் வேலை, அஞ்சு வருசம் ஆச்சு. எட்டாவது படிக்கும்போதுலேருந்து கீபோர்டு, ட்ரினிட்டி மியூசிக் பரீட்சைல கிரேடு 6 வரைக்கும் போனேன், அப்புறம் ப்ளஸ் டூ வந்ததும் அம்மா கீபோர்ட பெட்ஷீட்ல சுத்தி பரண்ல ஏத்திட்டாங்க. காலேஜ் முடிச்சு மொத சம்பளத்துல எறக்கினேன். இப்ப ரெண்டு வருசமா சனி ஞாயிறு ஒரு லைட் மியூசிக் ட்ரூப்ல வாசிக்கிறேன், கல்யாண ரிசப்ஷன், கோயில் ஃபங்ஷன், அப்பப்போ கம்பெனி ஆண்டு விழா. ஒரு ஷோவுக்கு 3000 வரும், நல்ல முகூர்த்த மாசம்னா எட்டு ஷோ வரைக்கும் போகும். சொந்தமா 11 பாட்டு போட்டு ஸ்பாட்டிஃபை யூட்யூப்னு எல்லா எடத்துலயும் ஏத்தி வெச்சிருக்கேன், அதுல வந்த காசு இதுவரைக்கும் பாட்ட ஏத்தி விடற டிஸ்ட்ரிபியூட்டருக்கு கட்டின வருச சந்தாவத் தாண்டல, அதனால அத வருமானம்னே சொல்லல.

விசயம் என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடி ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு மூலமா ஒரு வெப் சீரிஸ் வந்துச்சு. 6 எபிசோடு, முழு பேக்ரவுண்ட் ஸ்கோர், ஒரு டைட்டில் பாட்டு. 40 ஆயிரம் பேக்கேஜ்னு சொன்னாங்க. பேக்கேஜ்னா புல்லாங்குழல் வாசிச்சவருக்கு, பாடுன பொண்ணுக்கு, மிக்ஸிங்குக்கு எல்லாம் அதுலேருந்தே நான்தான் குடுக்கணும். இதுவரைக்கும் 22 ஆயிரம் வெளிய போயிருச்சு. ஒன்றரை மாசம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒக்காந்து முடிச்சுக் குடுத்தேன். அவங்களுக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு, அடுத்த ப்ராஜெக்டும் உனக்குத்தான்றாங்க. இப்ப 9 பக்கத்துக்கு ஒரு அக்ரிமெண்ட் அனுப்பியிருக்காங்க. உலகம் பூரா, எல்லாக் காலத்துக்கும், இனிமே கண்டுபிடிக்கப் போற மீடியத்துலயும் சேத்து எல்லா உரிமையும் அவங்களுக்கு, ராயல்ட்டின்னு எதுவுமே நான் கேக்க மாட்டேன், எவனாவது காப்பின்னு கேஸ் போட்டா மொத்த நஷ்டமும் நான்தான் ஏத்துக்கணும். இதுல கையெழுத்து போட்டாதான் மீதி 25 ஆயிரம்.

அடுத்த ப்ராஜெக்ட் வருதேன்ற தைரியத்துல வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். வீட்ல இன்னும் சொல்லல. இந்த ஃபீல்டுலயே சோறு சாப்புடுறவங்க யாராவது நேர்மையா சொல்லுங்க, கையெழுத்து போடலாமா, வேலைய விடலாமா.

——

ஈஎம்ஐ_ராகம்:

மச்சி ஒரே ஒரு கேள்வி, வீட்டு வாடகை யார் பேர்ல இருக்கு?

——

வடபழனி_ஆர்கெஸ்ட்ரா:

தம்பி, நான் 29 வருசமா கீபோர்டு. மொத கேள்விக்கு வேற யாராவது பேப்பர் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் ரெண்டாவதுக்கு வரேன்.

வேலைல இருக்கறவனுக்கு மாசம்னா ஜனவரி பிப்ரவரி, சம்பளம் 30ஆம் தேதி. நமக்கு தமிழ் மாசம்தான். தை பொறந்தா கல்யாணம், வைகாசி ஆவணில ஒரே நாள்ல மூணு எடத்துலேருந்து கூப்பிடுவான், எத விடறதுன்னு தெரியாது. ஆடி வந்தா ஒரு கல்யாணம் இருக்காது, ஆனா அம்மன் கோயில் இருக்கு, கூழ் ஊத்துற எடத்துலல்லாம் ராத்திரி கச்சேரி வெப்பான், வியாசர்பாடி ராயபுரம் பக்கம்லாம் ஆடில நாங்க தூங்கினதே இல்ல. அப்புறம் விநாயகர் சதுர்த்தி. புரட்டாசில பெருமாள் பேர சொல்லிக்கிட்டு கெடக்கணும். மார்கழில சபாக்காரங்களுக்குத்தான் சீசன், நமக்கு கிறிஸ்துமஸ் முடிஞ்சு டிசம்பர் 31 ஒரு ராத்திரி, அன்னிக்கு மட்டும் ஹோட்டல்காரன் மூணு மடங்கு குடுப்பான். இதுல நீ சொல்ற "நல்ல மாசம் எட்டு ஷோ" எத்தன மாசத்துக்கு வரும்னு நீயே விரல் விட்டு எண்ணிப் பாரு. நீ ரெண்டு வருசம் வாசிச்சேன்ற, ஆனா புரட்டாசில ஷோ இல்லன்னா உனக்கு அது ரெஸ்டு, எனக்கு அது பொண்ணு ஸ்கூல் ஃபீஸு. அந்த வித்தியாசம் தெரியாம வேலைய விடாத.

இன்னொன்னு, நான் வந்தப்ப ஒரு ட்ரூப்னா 14 பேரு, மூணு வயலின், தபலா, ட்ரம்ஸ், பேஸ், சைடு ரிதம் தனி. அப்புறம் ஆக்டோபேட்னு எலக்ட்ரானிக் தாளப் பலகை வந்து தாளக்காரங்க நாலு பேர் வேலைய ஒருத்தன் பாத்தான். கீபோர்டுலயே ஸ்ட்ரிங்ஸ் வந்ததும் வயலின்காரங்க வீட்டுக்குப் போனாங்க, அதுக்குக் காரணம் நம்ம ஆளுங்கதான், நானுந்தான், மறைக்க ஒன்னுமில்ல. இப்ப ஒரு லேப்டாப்புல பாடகர் குரல் இல்லாத மைனஸ் ஒன் ட்ராக்க போட்டுட்டு ரெண்டு பாடகர் வந்து ரிசப்ஷன முடிச்சிட்டுப் போயிடறாங்க, மண்டபத்துல சாப்புடுறவனுக்கு என்ன தெரியப்போகுது. அதனால வாசிக்க மட்டும் தெரிஞ்சா பத்தாது. நான் இப்ப ட்ரூப்ல வாசிக்கிறத விட, அடுத்தவங்களுக்கு ட்ராக் பண்ணிக் குடுக்கறதுலயும், சவுண்டு செட்ட வாடகைக்கு விடறதுலயும்தான் அதிகமா சம்பாதிக்கிறேன். நம்ப மாட்ட, ரெண்டு நல்ல மானிட்டர் ஸ்பீக்கரும் ஒரு மிக்சரும் வாங்கிப் போட்டேன், அது என்ன விட ரெகுலரா வேலைக்குப் போவுது. ஒயர் மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்ல போயி மீட்டர் கணக்குல வாங்கி நீயே சால்டர் பண்ணிக்கோ, ரெடிமேடா விக்கறது ஆறு மாசம் தாங்காது.

2020 பத்தி சொல்லாம விட்டா தப்பு. ரெண்டு ஆடி போச்சு. கோயில் கதவே தொறக்கல, கல்யாணத்துக்கு 50 பேருதான்னா அதுல ஆர்கெஸ்ட்ராவ எவன் கூப்பிடுவான். என்கிட்ட இருந்த பழைய ரோலண்ட் கீபோர்ட வித்தேன். எங்க ட்ரூப்பு பேஸ் கிட்டார்காரன் சாப்பாடு டெலிவரி ஆப்ல சேந்தவன் இன்னும் அதுலதான் இருக்கான், ஷோ இருந்தா டீ ஷர்ட்ட மாத்திட்டு வருவான். உன்ன பயமுறுத்த சொல்லல. கையில எட்டு மாச செலவுக்கு காசு இருந்தா விடு, இல்லன்னா ஒரு ஆடி ஒரு மார்கழி லீவ் போட்டு முழுசா ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்.

அட்வான்ஸ் வாங்காம டேட் குடுக்காத. "நம்ம பையன்தானே"ன்னு எவன் ஆரம்பிச்சாலும் டபுள் அட்வான்ஸ்.

——

பல்லவிக்காரி:

நான் பாட்டு எழுதுறேன், சினிமால கொஞ்சம், விளம்பரம் பக்திப் பாட்டு நெறைய. நானும் ஆரம்பத்துல இதே மாதிரி 9 பக்கத்துல படிக்காம கையெழுத்து போட்டவதான், அதுக்கப்புறம் தெரிஞ்ச வக்கீல் அக்கா ஒருத்தங்க கிட்ட ஒக்காந்து கத்துக்கிட்டேன். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ராயல்ட்டியே கேக்க மாட்டேன்னு எழுதி வாங்குறாங்கல்ல, அந்த வரி செல்லாது தம்பி. 1957 காப்பிரைட் சட்டத்த 2012ல திருத்தினாங்க. இசையமைச்சவங்களும் பாட்டு எழுதினவங்களும் தங்களோட ராயல்ட்டி பங்க தயாரிப்பாளருக்கோ கம்பெனிக்கோ எழுதிக் குடுக்கவே முடியாதுன்னு அதுல இருக்கு. தியேட்டர்ல படத்தோட சேந்து ஓடுறதுக்கு மட்டும் ராயல்ட்டி கேக்க முடியாது, மத்தபடி டிவி, ரேடியோ, ஆன்லைன், மேடைன்னு எங்க ஓடுனாலும் உரிமை வாங்கினவங்களும் நாமளும் சமபங்கு. அந்தப் பங்க ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தர முடியும், ஒன்னு நம்ம வாரிசு, இன்னொன்னு காப்பிரைட் சொசைட்டி, அதாவது நமக்காக ராயல்ட்டி வசூல் பண்ணிப் பிரிச்சுக் குடுக்கற சங்கம். நீ ஆசப்பட்டு எழுதிக் குடுத்தாக்கூட செல்லாதுன்றதுதான் இதுல அழகு, ஏன்னா வயிறு காஞ்சவன் எதுல வேணா கையெழுத்து போடுவான்னு தெரிஞ்சே அப்படி எழுதியிருக்காங்க.

ஆனா செல்லாதுன்னு சட்டம் சொல்றது வேற, காசு கைக்கு வர்றது வேற. 25 ஆயிரத்துக்காக நீ கோர்ட்டுக்குப் போகப் போறதில்ல, அது அவங்களுக்கும் தெரியும். அதனால நீ செய்ய வேண்டியது ஐபிஆர்எஸ்ல மெம்பர் ஆகுறது, இசையமைக்கறவங்களுக்கும் பாட்டு எழுதறவங்களுக்குமான சொசைட்டி அது. 1969லேருந்து இருக்கு, நடுவுல பிரச்சினையாகி 2017ல மறுபடி காப்பிரைட் சொசைட்டியா பதிவாச்சு. பாட்டோட பேரு, யார் எசை, யார் வரி, யாருக்கு எத்தன சதவீதம், எல்லாத்தையும் பதிஞ்சு வை. பேக்ரவுண்ட் ஸ்கோரும் இசைதான், அதுக்கு எந்த எபிசோடுல எத்தன நிமிசம் எந்த பீஸ் ஓடுதுன்னு கியூ ஷீட் ஒன்னு போட்டு வெச்சுக்கோ, இப்பவே போடு, ஆறு மாசம் கழிச்சு உனக்கே ஞாபகம் இருக்காது. உங்க புல்லாங்குழல்காரருக்கும் பாடுன பொண்ணுக்கும் இது கெடையாது, அவங்க பெர்ஃபார்மர், அதுக்கு ஐசாம்ரான்னு தனி சொசைட்டி, அவங்களுக்கும் சொல்லி விடு.

உலகம் பூரா, காலத்துக்கும்னு எழுதறது எல்லாரும் எழுதறதுதான், அத மாத்துவாங்கன்னு பெருசா எதிர்பாக்காத. அக்ரிமெண்ட்ல காலம் எவ்ளோன்னே எழுதலன்னா சட்டப்படி அஞ்சே வருசம்தான், எடம் எழுதலன்னா இந்தியா மட்டும்தான், அதுக்குத்தான் அவ்ளோ விழுந்து விழுந்து எழுதறாங்க. அத விட்டுட்டு டைட்டில் பாட்டு மேல சண்டை போடு. ஸ்கோர வெச்சுக்கோங்க, பாட்ட தனியா ஆல்பமா வெளிய விட்டா அதுக்குத் தனி காசுன்னு கேளு. உன் பேரு டைட்டில்லயும் யூட்யூப் டிஸ்கிரிப்ஷன்லயும் எப்படி வரணும்னு எழுத்து எழுத்தா எழுதச் சொல்லு.

என்ன ரொம்ப பயமுறுத்துறது அந்த கேஸ் வரிதான். நீ லூப், அதான் ரெடிமேடா விக்கற மியூசிக் துண்டு, எதாவது யூஸ் பண்ணியா? பண்ணாதவங்க யாரு. அதே லூப்ப ஆயிரம் பேரு வாங்கியிருப்பான், கம்பெனி உன் பாட்ட யூட்யூப்போட காப்பி கண்டுபிடிக்கற கண்டெண்ட் ஐடில போட்டா சம்பந்தமே இல்லாத ஒருத்தனுக்கு க்ளைம் விழும், அவன் திரும்பி வந்து கம்பெனியக் கேப்பான், கம்பெனி உன் கழுத்தப் பிடிக்கும். "நான் வாங்குன தொகைக்கு மேல பொறுப்பு இல்ல"ன்னு ஒரு வரி சேக்கச் சொல்லு, தெரிஞ்சே காப்பி அடிச்சாத்தான் என் பொறுப்புன்னும் சேத்துக்கோ. இத ஒத்துக்கலன்னா நான்னா கையெழுத்து போட மாட்டேன். நாளைக்கு உன் டைட்டில் ட்யூன நீயே உன் சேனல்ல பியானோல வாசிச்சுப் போட்டாலும் அவங்க க்ளைம் வரும், அதுக்கும் இப்பவே அனுமதி கேட்டு வாங்கு. எனக்கு நான் எழுதின பாட்ட நானே பாடிப் போட்டதுக்கு வந்துச்சு, அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

அப்புறம், தனித்தனி ட்ராக்கெல்லாம் குடுத்துட்டியா? ஃபைனல் மிக்ஸ் மட்டும்னா சந்தோசம். மீதி காசு வராம அந்தத் தனி ட்ராக்குங்கள, ஸ்டெம்ஸ்னு சொல்றது, குடுக்காத.

——

பெருங்குடி_கீஸ்:

அக்கா கோடி நன்றி, நல்லவேளை ஸ்டெம்ஸ் குடுக்கல, ஹார்ட் டிஸ்க் காப்பி பண்ண டைம் இல்லன்னு சோம்பேறித்தனத்துல விட்டுருந்தேன், அதுவே காப்பாத்திருச்சு. லூப் மூணு எடத்துல இருக்கு, இன்னிக்கு ராத்திரியே ரெண்ட மாத்திடறேன். ஒரு சந்தேகம், ட்ரூப்ல நாங்க சினிமா பாட்டுத்தான வாசிக்கிறோம், அப்ப நாங்களும் யாருக்காவது கட்டணுமா? 2017ல ராஜா சார் தரப்புலேருந்து அவர் பாட்ட அனுமதி இல்லாம பாடக் கூடாதுன்னு எஸ்பிபி சாருக்கு நோட்டீஸ் போச்சே அந்த மாதிரி?

——

பல்லவிக்காரி:

கல்யாணம்னா கவலையில்ல, கல்யாணத்துல அத சேந்த விழால பாட்டு போடறது வாசிக்கிறது உரிமை மீறல் ஆகாதுன்னு சட்டத்துலயே இருக்கு, 2023ல மத்திய அரசு அத மறுபடி நோட்டீஸா போட்டு கல்யாணத்துக்கெல்லாம் வசூல் பண்ணாதீங்கன்னு சொல்லுச்சு. ஹோட்டல் நியூ இயர், கம்பெனி விழா, டிக்கெட் ஷோ எல்லாம் வேற, அங்க லைசன்ஸ் எடுக்கணும். அது நிகழ்ச்சி நடத்துறவங்க வேலை, வாசிக்கிறவங்க தலைல கட்டப் பாப்பாங்க, வாங்கிக்காத. ராஜா சார் நோட்டீஸ் சமயத்துலதான் எங்க வீட்லயே "பாட்டுக்குக்கூட சொந்தக்காரங்க இருக்காங்களா"ன்னு கேட்டாங்க. நான் பாட்டு எழுதுறவன்னு தெரிஞ்ச வீட்ல.

——

தனி_ஆவர்த்தனம்:

மிருதங்கம், மயிலாப்பூர். எங்க பக்கத்து கதையையும் சொல்லிடறேன், ஏன்னா மார்கழி சீசன்னா நாங்கல்லாம் அள்ளிட்டுப் போறோம்னு வெளில ஒரு நெனப்பு இருக்கு.

மத்தியானக் கச்சேரி இலவசம், எதிர்ல பதினஞ்சு பேரு, அதுல பாதி பேர் கேன்டீன் தொறக்கற வரைக்கும் ஏசில ஒக்காந்திருக்கறவங்க. கைக்கு வர்றது ஆட்டோவுக்கு சரியா இருக்கும். சில எடத்துல ஸ்லாட் வேணும்னா "டொனேஷன்" கேட்ட கதையெல்லாம் எனக்கே நடந்திருக்கு, பேர் வேண்டாம். அப்ப ஏன் வாசிக்கறோம்னா, டிசம்பர்ல எங்க யாரோட வாசிச்சோம்ன்றதுதான் மீதி பதினோரு மாசத்துக்கு விசிட்டிங் கார்டு. ஆல் இந்தியா ரேடியோ குடுக்கற கிரேடும் அப்படித்தான். பி, பி ஹை, ஏ, டாப்னு வாங்கறதுக்கு ஆடிஷன் போயி தவம் கெடப்போம், அதுல வர்ற செக்குக்காக இல்ல, பயோடேட்டாவுல ஏ கிரேடுன்னு ஒரு வரி போட்டா வெளியூர்க்காரன் பேரம் பேச மாட்டான்.

நெஜமான துட்டு எங்கன்னா பரதநாட்டிய அரங்கேற்றம். ஜூன் ஜூலைல அமெரிக்கால ஸ்கூல் லீவு விட்டதும் குடும்பத்தோட எறங்குவாங்க, ரிகர்சல் தனி பேமெண்ட், ரெக்கார்டிங் தனி, நிகழ்ச்சி தனி. கச்சேரி மட்டும் வாசிக்கற சில பேரு டான்ஸுக்கு வாசிக்கறத கொஞ்சம் எறக்கமாப் பேசுவாங்க, பேசட்டும், என் வண்டி லோன கட்டினது அரங்கேற்றம்தான். இன்னொன்னு அமெரிக்கால க்ளீவ்லேண்ட் மாதிரி எடத்துக்குப் போற ட்ரிப்பு, 1978லேருந்து அங்க தியாகராஜ ஆராதனை நடக்குது, மெயின் ஆர்ட்டிஸ்ட் கூட்டிட்டுப் போகணும், விசா வரணும், ரெண்டு மாசம் சூட்கேஸ் வாழ்க்கை. பாடறவங்களுக்குக் குடுக்கறதுல பக்கவாத்தியத்துக்கு எவ்ளோன்னு மட்டும் கேக்காதீங்க, கச்சேரிய விட அதுதான் பெரிய தனி ஆவர்த்தனம்.

கீஸ் தம்பிக்கு ஒன்னு, 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, ரிட்டர்ன் போட்டா பெரும்பாலும் திரும்பி வரும், நெறைய பேர் சோம்பேறித்தனத்துல அத விட்டுடறாங்க. ஜிஎஸ்டி வருசத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான், அந்தக் கவலை நமக்கு வரட்டும்னு வேண்டிக்கோங்க.

——

கிளாஸ்_டீச்சர்_கேகே_நகர்:

யாருமே க்ளாஸ் பத்தி பேசலயே. நான் கீபோர்டும் வெஸ்டர்ன் தியரியும் சொல்லித் தரேன், வீட்டு ஹால்லயே, 31 பசங்க. மாசம் 1800, வாரத்துக்கு ஒரு க்ளாஸ். எங்க வீட்லயே ஒரு மாதிரி ரெகுலரா சம்பளம் வர்ற ஆள் நான்தான், எங்க வீட்டுக்காரர் ஸ்டூடியோல சவுண்ட் எஞ்சினியர், அவருக்கு படம் ரிலீஸ் ஆகி மூணு மாசம் கழிச்சு வரும், வராமலும் போகும். ஏப்ரல் மே பசங்க ஊருக்குப் போயிடுவாங்க, அதனால ரெண்டு மாசம் பாதிதான், பத்தாவது பன்னெண்டாவது வந்தா உன் அம்மா பண்ணின மாதிரியே எல்லா அம்மாவும் பெட்ஷீட்ல சுத்திடுவாங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஒன்னாவது ரெண்டாவது பசங்களா சேத்துட்டே இருக்கணும். காலைல அஞ்சரைக்கு அமெரிக்கா பசங்க ரெண்டு பேருக்கு ஆன்லைன், அங்க கடிகாரத்த மாத்தினா என் தூக்கமும் மாறும்.

நீ கிரேடு 6ல நிறுத்தினேன்னு சொன்னியே, 8 முடிச்சுடுப்பா. வாசிக்கறதுக்கு அது தேவையே இல்ல, ஆனா பேரன்ட்ஸ் மொதல்ல கேக்கறது "சார் எத்தன கிரேடு"தான். வேலைய விடாமலே சனி ஞாயிறு காலைல பத்து பசங்கள வெச்சுப் பாரு. சொல்லித் தர பொறுமை இருக்கான்னு மொத மாசத்துலயே தெரிஞ்சிடும், ஒரு ஆறு வயசுப் பையன் சி எங்கன்னு கேட்டா மூக்க சொறிவான்.

——

ஈஎம்ஐ_ராகம்:

நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் ஐடிலதான் இருக்கேன், கிட்டார் செவுத்துல மாட்டியிருக்கு, தூசி தட்ட ஆயுத பூஜைக்கு எறக்குவோம். தம்பி 11 பாட்டு போட்டியே, ஸ்பாட்டிஃபைல 12 மாசத்துல ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு 2024லேருந்து ராயல்ட்டியே கெடையாது, பாத்துக்கோ. எத்தன தாண்டுச்சு?

——

பெருங்குடி_கீஸ்:

ரெண்டு. அதுல ஒன்னு எங்க சித்தப்பா பையன் கடைல நாள் பூரா ஓட விட்டது :)

——

பெருங்குடி_கீஸ் (பத்து நாள் கழிச்சு):

என்ன ஆச்சுன்னு சொல்லாம போனா நல்லாருக்காதுன்னு வந்தேன். அக்கா சொன்னதையெல்லாம் தமிழ்லயே எழுதி மெயில் பண்ணேன், பயந்துகிட்டேதான். மூணு நாள் பதிலே இல்ல, சரி அவ்ளோதான் காசு போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் போன் பண்ணி "இது டெம்ப்ளேட் ப்ரோ, எங்களுக்கே என்ன இருக்குன்னு தெரியாது"ன்னு சிரிக்கிறாங்க. கேஸ் வரில நான் வாங்குற தொகைக்கு மேல பொறுப்பு இல்லன்னு மாத்திட்டாங்க, ராயல்ட்டி வரிய அடிச்சிட்டாங்க, பேரு போட ஒத்துக்கிட்டாங்க. பாட்டுக்குத் தனி காசு மட்டும் முடியாதுன்னு நின்னுட்டாங்க, சேனல்ல வாசிச்சுப் போட அனுமதி வாய்ல குடுத்தாங்க, பேப்பர்ல வரல. கையெழுத்து போட்டேன், டிடிஎஸ் போக 22,500 வந்துச்சு. அடுத்த ப்ராஜெக்ட் "டிஸ்கஷன்ல இருக்கு".

வேலைய விடல. வீட்ல சொன்னேன், அப்பா ஒன்னுமே பேசல, அம்மா "கிரேடு எட்டு முடிக்க எவ்ளோ ஆகும்"னு கேட்டாங்க, டீச்சர் அக்கா நீங்க எங்க வீட்டுக்கு எதுவும் போன் பண்ணலயே? ஆடி மாசத்துக்கு ஆபீஸ்ல லீவ் எழுதிட்டேன், வெள்ளி ஞாயிறெல்லாம் ஃபுல்லு. ஒரு உதவி வேணும், ஆடி மொத வெள்ளி ராயபுரத்துல கோயில் ஷோ, எங்க ஆக்டோபேட் அண்ணனுக்குக் கையில அடி பட்டுருச்சு, யாராவது இருக்கீங்களா? போலீஸ் பர்மிஷன் பத்து மணி வரைக்கும்தான், அதனால சீக்கிரம் முடிஞ்சிடும்.

——

வடபழனி_ஆர்கெஸ்ட்ரா:

பத்து மணிக்கு முடியும்னு உன்கிட்ட சொன்னது யாரு. ஆள் இருக்கான், எங்க பழைய பேஸ்காரனோட தம்பி, நல்லா வாசிப்பான். பேமெண்ட் எவ்ளோ, வண்டி யாரோடது, சாப்பாடு உண்டா, அட்வான்ஸ் எப்ப அனுப்புற?